ர், அதற்கடுத்து வே

நிமிர்ந்து நிற்பவை முந்நூற்றுப் பதினேழும்
நான்கு மாதத்தில் முடிந்தன.
சாய்வதற்கு மட்டும் ஏழு மாதம்.

மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் எல்லா எழுத்தும் ஒரே நொடியில் சாயும்,
ஆடிக்காற்றில் ஷாமியானா போல.
‘ட’வின் மூலை முறுக்கிக்கொள்ளும்,
‘ழ’ தன் வாலைத் தானே மிதிக்கும்.
ஒவ்வொன்றாகத் திரும்ப வரைய வேண்டும்.

எத்தனை பாகை என்று தெரியாமல்தான் இருந்தேன்.
29சி ஜெமினியில் திரும்பும்போது
நிற்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்கிறார்கள்.
ஒரு கை கம்பியில், ஒரு கை கைபேசியில்,
பாதம் மட்டும் பெயராமல்.
யாரும் விழுவதில்லை, பேச்சும் நிற்பதில்லை.
ஒன்பது.
டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பாதத்துக்குப் பெயர் செரிஃப் என்றேன்.
“செருப்பா?” என்றார்
ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும்
குலாம் தஸ்தகீர்.
ஏறக்குறைய அதுதான் பாய்,
வெறுங்காலோடு வந்தால் வரி சுடும்.
“சரி, சாஞ்சது எதுக்கு?
நிமிர்ந்து நிக்கத் தெம்பில்லையா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
அழுத்திச் சொல்ல நமக்கு ஓர் ஏகாரம் போதும்:
நீயே, இன்றே.
யாரோ சொன்னதென்று சொல்ல ஓர் ‘ஆம்’ போதும்:
வந்தானாம், அழுதானாம்.
ஊரெல்லாம் எழுத்தைச் சாய்த்துச் செய்கிற வேலையை
நாம் சொல்லின் கடைசியில் முடித்துவிடுகிறோம்.
வேலையில்லாத ஒன்றுக்கு ஏழு மாதமாக
இடுப்பு வரைந்துகொண்டிருந்தேன்.

மாதிரித் தாளைக் கடையில் விட்டுவந்தேன்,
தங்க மயில்களுக்கும் ஜரிகைப் பிள்ளையாருக்கும் இடையில்.

செலினா அங்கே வந்தது ஒரு புதன்கிழமை.
ஸ்டான்லியில் ரத்தம் எடுக்கும் வேலை,
கைப்பையில் இன்னும் பஞ்சு வாசனை.
இரண்டாம் கல்யாணம், அறுபது கார்டு போதும்.
பாய் தடித்த எழுத்துகளை எடுத்துப் போட்டார்.
“கத்தக் கூடாது” என்றாள்.
“மன்னிப்புக் கேக்கிற மாதிரியும் வேணாம்.”
அப்புறம் என் தாளில் விரலை வைத்தாள்,
நரம்பு தேடுகிற அதே விரலாக இருக்கும்.
“இது பக்கத்து சீட்ல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு.”

பாய் போனில் சொன்னார். அன்றிரவே அச்சுப்படி வந்தது.
மணமகன்: கதிர்வேல்.
ர்-இன் புள்ளி சாய்ந்தபடியே போய்
வே-யின் கொம்பில் முட்டிக்கொண்டு நின்றது.
நானூறு சொற்களில் சோதித்திருந்தேன்.
அதில் இந்த மனிதர் இல்லை.

ஒரு மாப்பிள்ளையின் பெயருக்கு நடுவே
பதினான்கு அலகு இடம் விட்டேன்.
மணி இரண்டரை.
அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது,
உங்கள் கணவர் பெயரில் ஒரு மோதல், எடுத்துவிட்டேன் என்றா?

பிறகு எழுத்துரு கசிந்துவிட்டது.
யாருடைய பென்டிரைவோ.
பிரியாணிக் கடை விலைப்பட்டியலில் பார்த்தேன்,
கண்ணீர் அஞ்சலியில், வடிகால் பணி அறிவிப்பில்,
ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் மீசைக்குக் கீழே.
கொஞ்ச நாள் வக்கீல் நோட்டீஸ் என்று பேசித் திரிந்தேன்.

நேற்று வியாசர்பாடி சிக்னலில் பல் ஆஸ்பத்திரி பேனர்.
பல்வலிக்குத் தீர்வே இல்லையா?
நீல நிறம், சிவப்பு நிழல்,
பக்கவாட்டில் நாற்பது விழுக்காடு இழுத்திருக்கிறார்கள்,
அதனால் என் ஒன்பது பாகை
இப்போது எத்தனையோ.
ஆனால் ர்-க்கும் வே-க்கும் நடுவில் அந்த இடம் இருந்தது,
இழுத்ததில் பதினான்கு இருபதாகி.

பச்சை விழுந்தது.
பின்னால் தண்ணீர் லாரி கத்துகிறது.
ஸ்கூட்டரை நகர்த்தாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.
புள்ளி எதிலும் முட்டவில்லை.